யாருடைய துடைப்பம்?

கல்யாண வீட்டில் ஒரு சின்னப் பெண் மைக் பிடித்து நன்றாகப் பாடிவிட்டால் போதும். பாட்டு முடிவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் நம் காதருகே குனிவார். “யார் வீட்டுப் பொண்ணு?”

பாட்டு எப்படி என்று கேட்கமாட்டார். எத்தனை வருஷம் கற்றுக்கொண்டாள் என்றும் கேட்கமாட்டார். பதில் கிடைத்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. “அதானே பார்த்தேன்! இவ பாட்டி அந்தக் காலத்துல ரேடியோவுல பாடினவங்க ஆச்சே. ரத்தத்துலயே இருக்கு.” கேஸ் முடிந்தது.

அதே பெண் சுமாராகப் பாடியிருந்தால்? “பாட்டி எப்படிப் பாடுவாங்க... இது இப்படி!”

கவனித்தீர்களா? நன்றாகப் பாடினால் பெருமை பாட்டிக்கு. சொதப்பினால் பழி பேத்திக்கு. இந்தக் கணக்கில் அந்தக் குழந்தையின் பெயரில் ஒரு பைசா வரவு இல்லை.

நமக்குள் இருக்கும் திறமை யாருடையது? பெற்றவர்கள் கொடுத்தது என்றால் அதற்காக நாம் ஏன் மாலை வாங்கிக்கொள்கிறோம்? நாமே உழைத்துச் சம்பாதித்தது என்றால், அதே உழைப்பைப் போட்ட பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏன் வரவில்லை?

நம் வைணவப் பெரியவர்கள் இதே சாயலில் ஒரு கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விவாதித்திருக்கிறார்கள். அவர்கள் பேசியது திறமையைப் பற்றி இல்லை, இறைவனின் அருளைப் பற்றி. தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினார்கள். குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய்ப்பூனைதான் அதைக் கவ்விக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கிறது. வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டினார்கள். தாய் தாவும், ஆனால் பிடித்துக்கொள்ள வேண்டியது குட்டியின் பொறுப்பு. பிடி விட்டால் போச்சு.

திறமை விஷயத்தில் நாம் பூனைக்குட்டியா, குரங்குக்குட்டியா?

இதற்குப் பதில் தேடத் தத்துவப் புத்தகங்களைவிட ஒரு குழந்தைக் கதை அதிகம் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. கதை ஜப்பானியக் கதை. கதாநாயகிக்குப் பதின்மூன்று வயது. பெயர் கிக்கி. துடைப்பத்தில் ஏறிப் பறப்பவள். ‘சூனியக்காரி’ என்று சொன்னால் நம் ஊரில் அது வசவு; அதனால் மந்திரக்காரி என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஒரு கறுப்புப் பூனை உண்டு, பெயர் ஜிஜி. அது பேசும். அவளுக்கு மட்டும் புரியும்.

எழுதியவர் எய்கோ கடோனோ. புத்தகம் வந்தது 1985-ல். நான்கு வருஷம் கழித்து, 1989-ல், ஸ்டுடியோ ஜிப்லியின் ஹயாவோ மியசாகி இதை அனிமேஷன் படமாக எடுத்தார். அந்த வருஷம் ஜப்பானில் அதிகம் வசூலித்த ஜப்பானியப் படம் இதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

கிக்கியின் அம்மா மந்திரக்காரி. அப்பா நம்மைப் போல சாதாரண மனிதர். மந்திரக்காரிகளையும் தேவதைகளையும் பற்றிய பழங்கதைகளை ஆராய்பவர். மந்திரம் தாயிடமிருந்து மகளுக்கு வருவது. ஆனால் இந்தப் பரம்பரைச் சொத்தில் ஒரு சிக்கல். தலைமுறைக்குத் தலைமுறை அது கரைந்துகொண்டே வருகிறது. ஒரு காலத்தில் மந்திரக்காரிகளுக்கு எத்தனையோ வித்தைகள் தெரியுமாம். கிக்கியின் அம்மாவுக்கு மிஞ்சியது இரண்டுதான். ஒன்று, துடைப்பத்தில் பறப்பது. இன்னொன்று, மூலிகை வளர்த்துத் தும்மலுக்கு மருந்து செய்வது. கிக்கிக்கு அந்த இரண்டாவதும் பிடிபடவில்லை. செடி வளர்ந்து, இலை பறித்து, பக்குவம் பார்த்துக் காய்ச்சுகிற பொறுமை அவளுக்கு இல்லை. ஆக, அவளிடம் வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று. பறப்பது.

வித்தைகள் ஏன் குறைந்தன? புத்தகத்தில் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. உலகத்தில் இப்போது முழு இருட்டான ராத்திரியும் கிடையாது, முழு நிசப்தமும் கிடையாது. எங்கேயோ ஒரு விளக்கு எரிகிறது, எங்கேயோ ஒரு சத்தம் கேட்கிறது. மந்திரக்காரியின் கவனம் சிதறிவிடுகிறது. கையில் செல்போனோடு இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஒரு நிமிஷம் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசியுங்கள். குழந்தைகளுக்காக எழுதிய வரிதான். நமக்கும் கொஞ்சம் சுடுகிறது இல்லையா?

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பறப்பது அல்ல. பறப்பதற்கு முன்னால் நடக்கும் ஒரு விஷயம்.

மந்திரக்காரிக்குப் பிறந்த பெண் தானாக மந்திரக்காரி ஆகிவிடுவதில்லை. பத்து வயது ஆகும்போது அவளே முடிவு செய்ய வேண்டும். ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். ஆவது என்று தீர்மானித்தால், பதின்மூன்று வயதில், ஒரு பௌர்ணமி ராத்திரியில் வீட்டை விட்டுக் கிளம்பி, வேறு மந்திரக்காரி இல்லாத ஒரு ஊரைக் கண்டுபிடித்து, ஒரு வருஷம் தன் கையால் பிழைத்துக் காட்ட வேண்டும்.

ரத்தத்தில் வந்ததுதான். இருந்தாலும் “உனக்கு வேணுமா?” என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா’ என்று பழமொழி வைத்திருப்பவர்கள் நாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பழமொழியையே கொஞ்சம் திருப்பிப் போட்டால் ‘நீ மீன்குஞ்சு, தண்ணீரை விட்டு வெளியே வராதே’ என்று ஆகிவிடும்.

1953-ல் அப்படி ஒரு சண்டை இங்கே நடந்தது. அன்றைய சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி முதலமைச்சர். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாதி நேரம் வகுப்பு, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. பள்ளிக்கூடமும் வாத்தியாரும் போதாத காலம், இரண்டு ஷிப்ட் வைத்தால் நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசாங்கத்தின் வாதம். சவரத் தொழிலாளியின் மகன் கத்தியையும், சலவைத் தொழிலாளியின் மகன் துணி மூட்டையையும்தான் தொட வேண்டுமா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. அவர்கள் வைத்த ‘குலக்கல்வி’ என்ற பெயர்தான் சரித்திரத்தில் நின்றது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

ஆக, பரம்பரை என்பதற்கு இரண்டு முகம் உண்டு. தாத்தாவின் தொழில் பேரனுக்குப் பரிசாகவும் வரலாம், தண்டனையாகவும் வரலாம். இரண்டுக்கும் வித்தியாசம் தொழிலில் இல்லை. “உனக்கு வேணுமா?” என்று யாராவது கேட்டார்களா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. கேட்டால் சொத்து. கேட்காவிட்டால் விலங்கு. டாக்டர் வீட்டுப் பிள்ளை விலங்கோடு மெடிக்கல் காலேஜில் உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளி விலங்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கிக்கி கிளம்புகிறாள்.

சின்ன வயதில் அவள் பறக்கப் பழகியபோது கவனம் சிதறித் தாழ்வாக வந்துவிடுவாள். அதனால் அவள் அம்மா, ஊரில் உள்ள உயரமான மரங்களின் உச்சியில் மணிகளைக் கட்டி வைத்திருந்தாள். பெண் ரொம்பக் கீழே வந்தால் கால் மணியில் இடிக்கும். சத்தம் கேட்டதும் அவளுக்கு உஷார் வந்துவிடும். என்ன அருமையான ஏற்பாடு பாருங்கள்! அம்மா கூடவே பறந்து கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பறக்காதே என்று கட்டியும் போடவில்லை. விழுகிற உயரத்துக்கு வந்தால் தெரிகிற மாதிரி மணி மட்டும் கட்டிவிட்டாள்.

புறப்படும் ராத்திரியில் ஒரு சின்னத் தகராறு. கிக்கி தனக்கென்று அழகாக ஒரு புதுத் துடைப்பம் செய்து வைத்திருக்கிறாள். அம்மா விடவில்லை. ‘என்னுடைய பழைய துடைப்பத்தை எடுத்துக்கொள், புயலில்கூடப் பயப்படாமல் பறக்கும்’ என்கிறாள். கிக்கிக்கு மனசே இல்லை. அந்தப் புது ஊர் பழகிய பிறகு உனக்கென்று ஒன்று செய்துகொள்ளலாமே என்று பக்கத்தில் இருந்த பாட்டியம்மா சமாதானம் சொல்ல, அம்மாவின் துடைப்பத்தோடு கிளம்புகிறாள். இந்தத் துடைப்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் ஒரு பெரிய நகரம், கோரிக்கோ. படத்துக்காக இந்த ஊரை வரைந்தபோது மியசாகியும் அவர் குழுவும் சுவீடனின் ஸ்டாக்ஹோம், விஸ்பி நகரங்களைப் பார்த்து வரைந்தார்கள். அங்கே போய் இறங்கிய கிக்கியை யாரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. பெரிய ஊர்கள் அப்படித்தான், உங்களுக்கே தெரியும். கடைசியில் ஒரு பேக்கரிக்கார அம்மா மாடியில் இடம் கொடுக்கிறாள். எனக்குத் தெரிந்தது பறப்பது மட்டும்தானே என்று யோசித்து, கிக்கி ஒரு தொழில் ஆரம்பிக்கிறாள். வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி சர்வீஸ்.

(ஜப்பானியத் தலைப்பில் வரும் ‘தக்கியூபின்’ என்பது யமாட்டோ என்ற பார்சல் கம்பெனி பதிவுசெய்து வைத்திருக்கும் பெயர். அந்தக் கம்பெனியே படத்துக்கு ஸ்பான்சராகவும் வந்தது. அதன் சின்னம் என்ன தெரியுமா? குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போகும் கறுப்புத் தாய்ப்பூனை. நம் தென்கலைப் பூனையேதான்!)

இனிமேல்தான் விஷயம். வித்தை தொழிலாகிவிட்டது. ஒருநாள் ஒரு பாட்டியம்மா, பேத்தியின் பிறந்த நாளுக்காக மீன் வைத்து ஒரு பை செய்கிறார். அடுப்பு வேலை செய்யவில்லை. கிக்கி விறகு அடுப்பு மூட்டி உதவி செய்து, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு அதை எடுத்துப் போகிறாள். கதவைத் திறந்த பேத்தி, ‘பாட்டியோட இந்தப் பை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லி, வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறாள்.

அன்றைக்குக் கிக்கிக்குக் காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் போய்விடுகிறது. ஆனால் கொஞ்ச நாளில் இன்னொன்றும் போய்விடுகிறது. ஜிஜி பேசுவது புரியவில்லை. வெறும் ‘மியாவ்’. பதறிப்போய்த் துடைப்பத்தில் ஏறிப் பார்க்கிறாள். எழும்பவில்லை. ராத்திரியில் ஒரு சரிவில் ஓடி ஓடிக் குதித்துப் பார்க்கிறாள். விழுகிறாள். அம்மா கொடுத்த துடைப்பம், புயலுக்கும் பயப்படாத அந்தத் துடைப்பம், உடைந்துபோகிறது.

இந்தக் கட்டம் மியசாகி சேர்த்தது. இந்தப் படத்தில் மந்திரம் என்பது எந்தச் சாதாரணப் பெண்ணுக்கும் இருக்கக்கூடிய ஏதோ ஒரு திறமைதான் என்று அவர் எழுதியிருக்கிறார். கனவோடு பெரிய நகரத்துக்குத் தனியாக வந்து இறங்கும் இளம்பெண்கள்தான் அவர் மனதில் இருந்தவர்கள்.

மந்திரம் போய்விட்ட கிக்கியின் பிரச்னை என்ன? பறக்க முடியவில்லை என்பது மட்டுமல்ல. இதுவரை எப்படிப் பறந்தோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. யோசித்ததே இல்லை. மூச்சு விடுகிற மாதிரி வந்தது, பறந்தாள். வந்த வழி தெரியாததால், போன வழியும் தெரியவில்லை. பிறவியிலேயே வந்த எல்லாத் திறமைக்கும் இந்த ஆபத்து உண்டு. கஷ்டப்பட்டுக் கற்றவனுக்கு ஒரு படி தவறினால் எந்தப் படி என்று தெரியும். லிஃப்டில் வந்தவனுக்குப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

இன்னொரு பயமும் இருக்கிறது. பறப்பது ஒன்றுதான் அவளுடைய அடையாளம். அதுவும் இல்லை என்றால், “நான் யார்?”

இது மந்திரக்காரியின் பயம் மட்டுமா? குரல் உடைந்துபோன பாடகருக்கு இந்த ராத்திரி தெரியும். பத்தாவது வரை ஸ்கூல் ஃபர்ஸ்ட், காலேஜில் முதல் அரியர் வாங்கிய பையனுக்குத் தெரியும். ரிட்டயர் ஆன மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் செருப்பை மாட்டப்போய் நிற்கிறாரே, அந்த அதிகாரிக்கும் தெரியும். ‘கெட்டிக்காரி’, ‘பிறவி மேதை’ என்று நாம் வாரி வழங்கும் பட்டங்கள் இந்த மாதிரி ராத்திரிகளில்தான் கழுத்தை நெரிக்கும். பட்டம் கொடுத்தவர்கள் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

கிக்கிக்குப் பக்கத்தில் ஒருத்தி வருகிறாள். காட்டுக்குள் ஒரு மரக்குடிலில் தனியாக இருந்து ஓவியம் வரையும் பெண், உர்சுலா. தன் குடிலுக்கு அழைத்துப் போகிறாள். ராத்திரி இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வரைய வராத நாள் எனக்கும் உண்டு என்கிறாள் உர்சுலா. அப்போது என்ன செய்வாய்? விடாமல் வரைந்து பார்ப்பேன். அப்படியும் வரவில்லையா? நிறுத்திவிடுவேன். நடப்பேன், வேடிக்கை பார்ப்பேன், பகலில் தூங்குவேன், ஒன்றுமே செய்யமாட்டேன். ஒருநாள் திடீரென்று வரையத் தோன்றும்.

இன்னொன்றும் சொல்கிறாள். ஒரு காலத்தில் அவளுக்கும் வரைவது சும்மா தானாக வந்தது. பிறகுதான் புரிந்ததாம், தான் வரைந்ததெல்லாம் எங்கேயோ பார்த்தவற்றின் நகல் என்று. தன்னுடைய ஓவியத்தைத் தான்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு அதிகம் சிரமப்பட்டாள், ஆனால் கொஞ்சம் நன்றாக வரைந்தாள்.

மந்திரக்காரிகள் ரத்தத்தால் பறக்கிறோம் என்று கிக்கி சொல்ல, உர்சுலாவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போகிறது. மந்திரக்காரியின் ரத்தம், ஓவியரின் ரத்தம், ரொட்டி சுடுகிறவரின் ரத்தம் என்று அடுக்குகிறாள். இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். உர்சுலா யார் வீட்டுப் பெண் என்று படம் சொல்லவே இல்லை. அவள் அம்மா ஓவியரா? தெரியாது. பேக்கரிக்காரியின் அப்பா ரொட்டி சுட்டாரா? தெரியாது. அதாவது, அவள் வாயில் ‘ரத்தம்’ என்ற சொல்லின் அர்த்தமே மாறிவிடுகிறது. யாருக்குப் பிறந்தோம் என்பதை விட்டுவிட்டு, எது இல்லாமல் நம்மால் இருக்க முடியாது என்பதைச் சொல்லும் வார்த்தையாகிவிடுகிறது. நம் கல்யாண வீட்டு நாற்காலிக்காரர் பேசும் ரத்தம் வேறு, இது வேறு.

சரி, மந்திரம் எப்படித் திரும்பி வந்தது? ‘விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி’ என்று நான் முடிப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? இல்லை. விடாமல் முயற்சி செய்தபோது துடைப்பம்தான் உடைந்தது. ஓய்வு எடுத்ததால் வந்ததா? அதுவும் இல்லை. ஓய்வு அவள் மனசை ஆற்றியது, அவ்வளவுதான்.

ஒருநாள் டிவியில் ஒரு காட்சி. காற்றில் அறுத்துக்கொண்டு போகும் ஒரு பெரிய ஆகாயக் கப்பல். அதன் கயிற்றில் அவளுடைய நண்பன் டொம்போ தொங்கிக்கொண்டிருக்கிறான். கிக்கி ஓடுகிறாள். தெருவில் ஒரு பெரியவர் கையில் தரை தேய்க்கும் நீளப் பிரஷ். ‘கொஞ்சம் கொடுங்கள், கட்டாயம் திருப்பித் தருகிறேன்’ என்று கெஞ்சி வாங்கி அதன் மேல் ஏறி நிற்கிறாள். பற என்கிறாள். அது பறக்கிறது. அழகாக இல்லை. முரண்டு பிடிக்கிறது, சுவரில் மோதுகிறது, பக்கவாட்டில் இழுக்கிறது. இருந்தாலும் பறக்கிறது. பையன் பிழைக்கிறான்.

அம்மாவின் துடைப்பத்தில் அவள் பறந்து காப்பாற்றவில்லை. தானே ஆசையாகச் செய்த புதுத் துடைப்பத்திலும் இல்லை. பெயர் தெரியாத ஒருவரிடம் இரவல் வாங்கிய தெரு பிரஷ்ஷில். பூனைக்குட்டிக் கட்சிக்கும் முழு வெற்றி இல்லை, குரங்குக்குட்டிக் கட்சிக்கும் இல்லை. அந்த நிமிஷம் கிக்கி தன்னைச் சுமப்பது யார் என்றும் நினைக்கவில்லை, தன் பிடி உறுதியா என்றும் நினைக்கவில்லை. மேலே தொங்கிக்கொண்டிருந்த ஒருவனின் பிடியைத்தான் நினைத்தாள்.

இத்தனை நாள் அவளை வாட்டிய கேள்வி, ‘இந்தத் திறமை என்னுடையதா, என்னை விட்டுப் போய்விட்டதா?’ என்பது. கயிறு நழுவுகிற அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. யாருடையது என்று கேட்டவரை எழும்பவில்லை. யாருக்காக என்று தெரிந்தபோது எழும்பியது.

ஒரு ஆட்சேபம் வரலாம். “ஸார், ஆபத்து என்றதும் ஓடுகிற குணமும் பிறவியில் வந்ததுதானே? அதற்கு மட்டும் எப்படி அவளுக்குப் பாராட்டு?” நியாயமான கேள்வி. இப்படியே பின்னால் போனால் கடைசியில் நமக்கென்று எதுவுமே மிஞ்சாது, பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். குணம் ஓடு என்று சொல்லும், சரி. தோற்றால் ஊரே சிரிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். பறக்க முடியாது என்பதற்கு முந்தைய நாள் வரை சாட்சி இருக்கிறது. அந்த நிலையில், நடுத்தெருவில், கூட்டத்தின் முன்னால் அந்த பிரஷ்ஷின் மேல் ஏறுவதா வேண்டாமா என்பதை அவள் அம்மா முடிவு செய்யவில்லை, அவள் ரத்தமும் முடிவு செய்யவில்லை. அந்த ஓர் அடி அவளுடையது. மொத்தச் சொத்தில் நம் பெயரில் இருப்பது அந்த ஓர் அடி நிலம்தான் என்று நினைக்கிறேன். சின்னதுதான். ஆனால் பட்டா நம் பெயரில்.

ஆகவே, பிறப்பால் வந்ததற்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அது நின்றுபோனால் வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. நடுவில் என்ன செய்தோம் என்பதில்தான் நம் கணக்கு தொடங்குகிறது.

கதையை முழுக்கச் சர்க்கரையாக்கவும் மியசாகி விரும்பவில்லை. மந்திரம் திரும்பிய பிறகு ஜிஜி ஓடிவந்து அவள் தோளில் ஏறுகிறது. வாயைத் திறக்கிறது. ‘மியாவ்.’ அவ்வளவுதான். ஜப்பானிய மூலத்தில் அதன் பேச்சு திரும்பி வரவே இல்லை. 1998-ல் டிஸ்னி வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பில் இதைத் தாங்க முடியாமல் ஜிஜிக்கு ஒரு வரி வசனம் சேர்த்துவிட்டார்கள். எனக்கு மூலம்தான் பிடிக்கிறது. தொலைத்துத் தேடி எடுக்கும்போது போனதெல்லாம் அப்படியே திரும்பாது. குழந்தையாக இருந்தபோது பேசிய பூனை, பெரியவளானதும் பேசாது. அந்த இழப்பையும் சேர்த்துத்தான் அது அவளுடைய மந்திரம் ஆகிறது.

புத்தகத்தில் கிக்கியின் கதை படத்தோடு முடிவதில்லை. ஆறு பாகங்கள். இரண்டாவது பாகத்தில், சின்ன வயதில் பொறுமை இல்லாமல் விட்டுவிட்ட அந்தத் தும்மல் மருந்தைச் செய்யக் கற்றுக்கொள்கிறாள். கரைந்துகொண்டே வந்த சொத்தில் ஒன்று, ஒருத்தி ஆசைப்பட்டதால் மீண்டது. 2009-ல் வந்த ஆறாவது பாகத்தில் அவளுக்கே இரட்டைக் குழந்தைகள். பெண் நினி, பையன் டொட்டோ. மந்திரம் பெண்ணுக்குத்தான் வரும். ஆனால் நினிக்கு அதில் நாட்டம் இருப்பதாகவே தெரியவில்லை. டொட்டோவுக்கு ஆசை இருக்கிறது, ஆண் பிள்ளை என்பதால் வழி இல்லை. கொடுக்கப்பட்டவளுக்கு வேண்டாம், வேண்டுகிறவனுக்குக் கொடுக்கப்படவில்லை. ஒரு குழந்தைக் கதையில் எவ்வளவு பெரிய அநியாயத்தை எவ்வளவு அமைதியாக வைத்துவிட்டார் பாருங்கள்!

“எங்க வீட்டில் எனக்குக் கொடுக்கத் துடைப்பமே இல்லையே ஸார்” என்று நினைக்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அப்பா கையெழுத்துப் போடத் தெரியாதவர், நீங்கள்தான் முதல் தலைமுறைப் பட்டதாரி. உங்களுக்காகக் கடோனோவின் சொந்தக் கதையைச் சொல்கிறேன்.

அவர் 1935-ல் டோக்கியோவில் பிறந்தவர். ஐந்து வயதில் அம்மாவை இழந்துவிட்டார். மகளுக்குத் துடைப்பம் கொடுத்து வழியனுப்பும் அம்மாவை எழுதியவருக்கு, அப்படி வழியனுப்ப அம்மா இல்லை. அப்பா கதை சொல்வார். பிறகு யுத்தம், ஊர் விட்டு ஊர். கல்யாணமாகி இரண்டு வருஷம் பிரேசிலில் வாழ்ந்தார். எழுத்தாளராவேன் என்று நினைத்ததே கிடையாது. அவருடைய பழைய பேராசிரியர் ஒருவர், பிரேசிலைப் பற்றி எழுதேன் என்று தூண்டிவிட, முதல் புத்தகம் 1970-ல் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. 2018-ல் குழந்தை இலக்கியத்தின் உச்ச விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது அவருக்குக் கிடைத்தது.

கிக்கி எங்கிருந்து வந்தாள் தெரியுமா? கடோனோவின் மகள், பள்ளிச் சிறுமியாக இருந்தபோது ஒரு படம் வரைந்தாள். துடைப்பத்தில் பறக்கும் மந்திரக்காரி. துடைப்பத்தில் ஒரு ரேடியோ தொங்குகிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டே பறக்கிறாள்! அந்தப் படம்தான் விதை. தாயிடமிருந்து மகளுக்கு மந்திரம் போகும் கதையை, மகளிடமிருந்துதான் தாய் வாங்கியிருக்கிறாள்.

பரம்பரைச் சொத்து மேலிருந்து கீழேதான் வர வேண்டும் என்று சட்டம் இல்லை. பக்கவாட்டிலும் வரும், ஒரு பேராசிரியர் மூலமாக, ஒரு பேக்கரிக்காரி மூலமாக, பிரஷ் கொடுத்த பெரியவர் மூலமாக. சில சமயம் கீழிருந்து மேலேயும் வரும். வீட்டில் துடைப்பம் இல்லாதவர்கள் தெருவில் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

பெற்றோராக இருக்கும் வாசகர்களுக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளைக்குக் கொடுக்க உங்களிடம் ஒரு வித்தை இருக்கிறதா? தாராளமாகக் கொடுங்கள். பழைய துடைப்பமாக இருந்தாலும் கொடுங்கள், அது புயல் பார்த்த துடைப்பம். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பத்து வயதுக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். விழுகிற உயரத்தில் மணி கட்டுங்கள். ஒருநாள் அந்தத் துடைப்பம் உடைந்துபோய்ப் பிள்ளை முழங்காலில் சிராய்ப்போடு வந்து நின்றால், “எங்க பரம்பரையிலேயே இப்படி நடந்ததில்லையே” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்த முறை கல்யாண வீட்டில் ஒரு சின்னப் பெண் நன்றாகப் பாடினால், யார் வீட்டுப் பெண் என்று நாற்காலிக்காரர் கேட்கட்டும். நீங்கள் எழுந்து அவளிடமே போய்க் கேளுங்கள்: “உனக்குப் பாடப் பிடிக்குமாம்மா?”